எஞ்சின் வெளியே, குழாய் உள்ளே

வானொலியில் என் வேலை பேசுவது. காலை நிகழ்ச்சியில் நான்கு மணி நேரம் பேச்சு, பாட்டு, மீண்டும் பேச்சு. இத்தனை ஆண்டுகளில் பேசியதில் ஏதாவது ஒன்றைத் திருத்திச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் எதைத் திருத்துவாய் என்று யாராவது கேட்டால், ஓர் அறிவிப்பைத்தான் சொல்வேன். அந்த அறிவிப்பில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் விட்டுப்போயிருந்தது.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழையைச் சிலாங்கூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் தவித்தார்கள். கிள்ளான், உலு லங்காட் என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர். எங்கள் நிலையத்துக்கு வந்த குறுஞ்செய்திகளைப் படித்து முடிக்க முடியவில்லை. முதலில் 'படகு வேண்டும்' என்றார்கள். பிறகு 'சாப்பாடு வேண்டும்', 'பால்மாவு வேண்டும்' என்றார்கள். வெள்ளம் வடியத் தொடங்கியதும் கேள்வி மாறியது. 'வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?'

உதவ முன்வந்தவர்களுக்குக் குறைவில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஓடும் பம்பு தங்களிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் அழைக்கலாம் என்று பலர் தகவல் அனுப்பினார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடுகளுக்கு அதைவிட நல்ல உதவி வேறு என்ன? நானும் உற்சாகமாக ஐந்தாறு முறை அறிவித்தேன். 'பம்பு இருப்பவர்கள் எடுத்து ஓட விடுங்கள், இல்லாதவர்களுக்குக் கொடுத்து உதவுங்கள்' என்றேன். பம்பை எங்கே வைத்து ஓட விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வேன்?

மாமா வீட்டில் அந்தப் பிற்பகல்

நிகழ்ச்சி முடிந்ததும் சோற்றுப் பொட்டலங்களோடு கிள்ளானில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். இரட்டை மாடி வரிசை வீடு. சாலையைவிடத் தரை தாழ்வு. சாலையில் தண்ணீர் வடிந்துவிட்டாலும் வீட்டுக்குள் ஓர் அடிக்கு மேல் தேங்கி நின்றது.

வாசலில் நிற்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையில், கல்மேடைக்கு அருகே பலகை போட்டு, அதன்மேல் பம்பை வைத்து மாமா இறைத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டபாடில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று உள்ளே வைத்திருக்கிறார்.

"உள்ளுக்குள்ள புகையா இருக்கே மாமா?" என்றேன்.

"கதவு, சன்னல் எல்லாம் தொறந்துதாம்மா இருக்கு. பதினெட்டு வயசுல தோட்டத்துல புடிச்ச கயிறு இது. எனக்குப் பம்பு தெரியாதா?"

உண்மைதான். செம்பனைத் தோட்டத்தில் ஆற்றிலிருந்து நாற்றுகளுக்குத் தண்ணீர் இறைத்தவர் அவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவார். அதனால் நானும் மேலே பேசவில்லை.

மாடியில் அத்தையும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவனுக்குத் தலைவலி. சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். அது கோவிட் காலம். அத்தைக்கு முதலில் வந்த பயம் அதுதான். சுயபரிசோதனைக் கருவியில் பார்த்தார், ஒரு கோடுதான் வந்தது. அப்போது பல வீடுகளில் இருந்ததுபோல, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவி அவர்களிடமும் இருந்தது. சின்னவளுக்கு மாட்டினார். 98 காட்டியது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு. பயந்ததுல வாந்தி போல" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பதினைந்து நிமிடத்தில் எனக்கும் நெற்றியில் வலி தொடங்கியது. காலையில் நான்கு மணிக்கு எழுந்தது, சாப்பிடாதது என்று காரணம் தேடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் உணவு கொடுக்க வந்த தன்னார்வலர் குழு ஒன்று வாசலில் நின்றது. அதில் ஒரு மலாய்க்கார இளைஞர் சத்தம் வரும் திசையைக் கவனித்தார். ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் இறங்கி உள்ளே போனார். எஞ்சின் நின்றது. பிறகுதான் குரல் வந்தது. "செமுவா கெலுவார்! செக்காராங்!" எல்லாரும் வெளியே வாருங்கள், இப்போதே!

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்த்துப் பேச எழுந்தவர், இரண்டடி வைப்பதற்குள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் நான் மாடிக்கு ஓடினேன்.

மருத்துவமனையில் பிள்ளைகளுக்கும் மாமாவுக்கும் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூவரும் நலமாக வீடு திரும்பினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

கருவி ஏன் 98 காட்டியது?

இதை மட்டும் கேட்டேன். பதில் எளிமையாக இருந்தது. பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் முகர்வது புகையின் மற்ற சேர்மானங்களைத்தான். புகை நெடி குறைந்துவிட்டது என்பதால் இந்த வாயுவும் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு அங்கே இடம் இருக்காது.

சாதாரண விரல் கருவி இரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் அதற்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தம்போலவே தெரியும். அதனால் ஆபத்தில் இருப்பவருக்கும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். சரியாக அறிய இரத்தப் பரிசோதனை வேண்டும்.

கதவும் சன்னலும் திறந்திருந்ததே என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். அது போதாது. எஞ்சின் வாயுவை வெளியிடும் வேகத்துக்குச் சன்னல் காற்று ஈடுகொடுக்காது. தோட்டத்தில் நாற்பது ஆண்டு பம்பு ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகாததற்கு அவருடைய அனுபவம் மட்டும் காரணம் அல்ல. தலைக்குமேல் வானம் இருந்தது. அதே பம்பைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தபோது அந்த அனுபவமே அவரை ஏமாற்றிவிட்டது.

இப்போது எங்கள் தாமானில் வெள்ளம் என்றால் மாமாவின் பம்புதான் வீடு வீடாகப் போகிறது. ஒரு நிபந்தனை உண்டு. பம்பு தனியாகப் போகாது, மாமாவும் கூடவே போவார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, அவர் செய்வதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் இடம்

பம்பைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். சமையலறை, கார் நிறுத்தும் இடம், பின்பக்கக் கூரைக்கடி, மாடிப்படிக்கடி எதுவும் கூடாது. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர், அதாவது 20 அடி தள்ளி இருக்கட்டும். வரிசை வீடு என்றால் முன்வாசல் கேட்டைத் தாண்டிச் சாலையோரம்தான் தோது. புகைக்குழாய் எந்த வீட்டையும் பார்க்கக்கூடாது. நம் வீட்டுக்கு மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக்கும் இது பொருந்தும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றும் பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உறிஞ்சும் குழாய் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பம்பைத் தண்ணீருக்கு அருகில் வையுங்கள் என்றுதான் கையேடுகள் சொல்லும். பலரும் பம்பை வீட்டுக்குள் தூக்கி வருவது இதனால்தான். ஆனால் பம்பைப் பெரிதும் திணறடிப்பது எத்தனை அடி உயரத்துக்கு உறிஞ்சுகிறது என்பதுதான். நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குமேல் எந்தப் பம்பும் உறிஞ்சி ஏற்றாது. வீட்டு வெள்ளத்தில் அந்த உயரம் ஒரு மீட்டர்கூட வராது. எனவே குழாய் நீளமானால் கொஞ்சம் மெதுவாக இறைக்கும், அவ்வளவே. "பத்து நிமிஷம் கூட ஆவட்டும். புள்ளைங்கள விட அவசரமா?" என்கிறார் மாமா இப்போது.

மழை பெய்தால்? பம்பின் நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி உயரமாக ஒரு குடைக்கூரை போடலாம். ஓடும் எஞ்சினைத் தார்ப்பாயால் மூடவே கூடாது. சூட்டில் தீப்பிடிக்கும்.

இறைக்கலாமா என்று பாருங்கள்

வெளியே தண்ணீர் மட்டம் வீட்டுக்குள் இருப்பதைவிட உயரமாக இருந்தால் இறைத்துப் பயனில்லை. கழிப்பறையிலும் குளியலறையிலும் உள்ள தரைத் துளைகள் வழியாக மீண்டும் ஏறும். வெளியே வடிந்த பிறகு, அந்தத் துளைகளைத் துணியும் மண்மூட்டையும் வைத்து அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்யுங்கள். முதன்மை விசைக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டும் என்றால் போகாதீர்கள். மின் வாரியத்தை அழையுங்கள். தெருவில் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி இறங்கக்கூடாது. மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 20 அடி அகலம், 50 அடி நீளம் உள்ள வீட்டில் ஓர் அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். இரண்டு அங்குலப் பம்பு நிமிடத்துக்கு 400 லிட்டர் தள்ளினால் 70 நிமிட வேலை. நாள் முழுக்க ஓட வேண்டிய அவசியம் இல்லை. அவசரப்படவும் தேவையில்லை.

கயிற்றை இழுக்கும் முன்

பம்பைச் சமதளத்தில் வையுங்கள். சாய்ந்திருந்தால் எஞ்சின் எண்ணெய் எல்லாப் பாகங்களுக்கும் போகாது. ஓடும்போது அதிர்வில் நகரும் என்பதால் செங்கல் வைத்து அணைகொடுங்கள்.

எஞ்சின் எண்ணெயைப் பாருங்கள். புதிய எஞ்சின்களைப் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றாமலேதான் விற்கிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. புல்வெட்டும் இயந்திரத்தில் பழகியவர்கள் அதுபோல இரண்டையும் கலந்து ஊற்றிவிடுவதுண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத்தான் கலவை வேண்டும். உங்களுடையது எது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சும் குழாய் உள்ளே கம்பி அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் சுருள் வைத்ததாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை வெளியே தள்ளும் குழாய் மடித்துச் சுருட்டும் வகையாக இருக்கலாம். உறிஞ்சும் குழாயின் இணைப்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, கிளாம்பை இறுக்குங்கள். அங்கே ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். 'பம்பு வேலை செய்யவில்லை' என்று வரும் அழைப்புகளில் பாதி இந்த ரப்பர் வளையத்தால்தான் என்கிறார் மாமா.

குழாய் முனையில் வடிகட்டியை மாட்டாமல் இறக்காதீர்கள். வெள்ளத்தில் பிளாஸ்டிக் பை, இலை, துணி எல்லாம் வரும். துளைகள் உள்ள துணிக்கூடை ஒன்றில் வடிகட்டியை வைத்துக் கூடையோடு தண்ணீரில் இறக்கினால் அடைப்பு வெகுவாகக் குறையும்.

அடுத்ததைப் பலர் மறப்பார்கள். பம்பின் மேல் மூடியைத் திறந்து, வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூடேறிக் கருகும், பிறகு ஒழுகத் தொடங்கும்.

இப்போது பெட்ரோல் குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக்கை மூடி, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒரு பிடிமானம் தெரியும். அங்கிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். கயிற்றைப் படாரென விட்டுவிடாமல் கையோடு திரும்பவிடுங்கள். எஞ்சின் பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

ஓடும்போது

குழாயில் உள்ள காற்று வெளியேறித் தண்ணீர் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். சில நிமிடம் கடந்தும் வராவிட்டால் நிறுத்திவிட்டு இணைப்பைப் பாருங்கள். தண்ணீர் வரும்போது வெளிக்குழாய் துள்ளும். முனையை மண்மூட்டையால் அழுத்தி, லோங்காங்கில் விடுங்கள். லோங்காங் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால், நீங்கள் இறைப்பது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். குழாய்மேல் கார் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். புகைக்குழாய் தொட்டால் கை வெந்துவிடும். பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சினை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

வடிகட்டி முழுதாக மூழ்கியிருக்கும் வரைதான் பம்பு இறைக்கும். தரையோடு நிற்கும் கடைசித் தண்ணீருக்குத் துடைப்பமும் கோத்தோங் ரோயோங்கும்தான் வழி. அதையும் பம்பே முடிக்கட்டும் என்று விட்டால் சீல் போய்விடும்.

வேலை முடிந்ததும் வேகத்தைக் குறைத்து, சுவிட்சை அணைத்து, பெட்ரோல் குழாயை மூடுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரை இறைக்கவிட்டுச் சேற்றைக் கழுவுங்கள். அடியில் உள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். மாதக்கணக்கில் எடுத்துவைப்பதென்றால் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும், அடுத்த வெள்ளத்தில் எஞ்சின் பிடிக்காது.

தலை வலித்தால்

எஞ்சின் ஓடும் வீட்டில் யாருக்காவது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம் வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். உடனே எல்லாரும் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். தூங்குகிறவர்களை எழுப்பிக் கூட்டி வாருங்கள். ஒரே நேரத்தில் பலருக்குத் தலை வலிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். 999-ஐ அழைத்து, எஞ்சின் ஓடியது என்பதையும் சொல்லுங்கள். மருத்துவரிடமும் அதையே முதலில் சொல்லுங்கள். விரல் கருவி காட்டும் எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அந்த மலாய்க்கார இளைஞரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் குடை பிடித்து நின்றார். பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நன்றி சொல்லத் தேடினோம், கிடைக்கவில்லை.

ஊடகவியல் படித்தபோது, சொல்லும் தகவல் சரியானதா என்று சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று நான் படித்த தொலைபேசி எண்கள் எல்லாம் சரியானவைதான். அவற்றைக் கேட்டு எத்தனை பேர் பம்பை வீட்டுக்குள் வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை. மாமா அன்று காலை என் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத்தான் பம்பை வெளியே எடுத்திருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து அத்தைதான் சொன்னார்.

இப்போது மழைக்காலம் தொடங்கியதும், வெள்ள அறிவிப்போ பம்பு அறிவிப்போ எது வந்தாலும் அதன் கடைசியில் நான்கு சொற்களைச் சேர்த்துவிடுகிறேன். எஞ்சின் வெளியே, குழாய் உள்ளே. திரும்பத் திரும்பச் சொல்கிறாயே என்று சக அறிவிப்பாளர்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

மாமாவின் பம்பு இப்போது முன்வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு பத்து மீட்டர் உறிஞ்சும் குழாய் ஒன்றையும் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறார்.

"இவ்வளவு நீளம் எதுக்கு மாமா?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பம்பு ரோட்டுல நிக்கணும்லம்மா" என்றார்.